அந்தமான் கடலடிச் சேற்றுடன் கிடர்பூரிலிருந்து சால்ட் லேக் வரை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் புரி, பிஷ்ணுபூர், சுந்தர்பன் என்று ஊர் ஊராக எழுதுவேன். எந்த ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்பது வரை சொல்லிவிடுவதாக நண்பர்கள் கேலி செய்வார்கள். இந்த முறை நான் போனது மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர். கிடர்பூர் துறைமுகத்துப் பக்கமிருந்து சால்ட் லேக் ஐந்தாம் செக்டர் வரை. கல்கத்தாவைத் தாண்டவே இல்லை. போன மாதம், லக்ஷ்மி பூஜைக்கு மறு வாரம், ஒரு வியாழக்கிழமை.

என் மனைவி கோமதி கடலடி மண்ணை ஆராய்கிறவள். ஆராய்ந்தவள் என்று எழுத வேண்டும். நாலு வருடமாகியும் கை பழக மறுக்கிறது. திருநெல்வேலியில் படித்துவிட்டு மத்திய அரசு வேலையில் கல்கத்தா வந்தாள். நான் பெஹாலாவிலேயே பிறந்து வளர்ந்தவன், கிடர்பூரில் கப்பல் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன். வருடத்தில் மூன்று மாதம் அவள் கப்பலில் இருப்பாள், அந்தமானுக்குக் கிழக்கே. கடலடியில் நீளக் குழாயை இறக்கி, சேற்றை உருவி எடுத்து வருவார்கள். அதுதான் வேலை.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை இருந்தது. இருபத்தேழு வருடம் அதே சண்டை. அவளுக்குச் சேறுதான் முதலில், நான் அதற்கு அப்புறம் என்பேன். குடல்வால் வெடித்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பத்தொன்பது நாள் கழித்துத்தான் வந்தாள். நடுக்கடலிலிருந்து நீந்தியா வர முடியும் என்று கேட்டாள். நியாயம்தான். ஆனால் வந்த அன்றைக்கே லேபுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தாள் பாருங்கள், அதை நான் கடைசி வரை விடவில்லை. "எனக்காக ஒரு நாள், ஒரு நிமிஷம், அந்தச் சேத்தை நீ கீழே வெச்சிருக்கியா?" என்று கேட்பேன். அவள் பதில் சொல்லாமல் சிரிப்பாள். பதில் சொல்லாமலே போயும்விட்டாள். மூளையில் கட்டி.

கடைசிப் பயணத்தில் அவள் எடுத்த சேற்றுக் குழாய்கள் ஆறு வருடமாகத் திறக்கப்படாமலே கிடந்தன. ஆய்வகத்தில் இடமில்லை, வெட்டும் மெஷின் ரிப்பேர், ஆள் மாற்றம், ஃபைல் மாற்றம். அரசாங்க வேலை ஆமை வேகம் என்று ஆமையைக் குறை சொல்லக்கூடாது. அதுவரைக்கும் கிடர்பூரில் ஒரு தனியார் குளிர்கிடங்கில், இறால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வைத்திருந்தார்கள்.

அவளிடம் வேலை கற்ற அனிர்பன் போன் செய்தான். அவனுக்கு அவள் கோமதி-தி, அதாவது அக்கா. அதனால் நான் ஜாமாய்பாபு, அக்கா புருஷன். "வியாழக்கிழமை குழாயெல்லாம் லேபுக்கு வருது ஜாமாய்பாபு. தி கடைசியா எடுத்ததை அன்னிக்கே திறக்கறோம். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டான். கிடங்கில் கேட் பாஸ் வாங்க என்னைவிட்டால் ஆள் இல்லை என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொன்னான். பிழைக்கத் தெரிந்த பையன்.

வருகிறேன் என்றேன். அவள் கைபட்டு மூடிய கடைசிப் பொருள் அது. திறந்தால் அவளைப் பற்றி ஏதாவது தெரியும் என்று நம்பினேனா? நம்பினேன். அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு அசட்டு நம்பிக்கை.

காலை 8.10-க்கு பெஹாலா சௌரஸ்தாவில் மெட்ரோ. மாஜேர்ஹாட் வரை பத்து ரூபாய், பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். முன்பு இதே தூரத்துக்கு டயமண்ட் ஹார்பர் ரோட்டில் முக்கால் மணி நேரம் வியர்த்து வழிவோம். அங்கிருந்து கிடர்பூருக்குப் பகிர்வு ஆட்டோ, பதினைந்து ரூபாய். சில்லறை இல்லையென்றால் டிரைவர் உங்கள் பரம்பரையையே விசாரிப்பார், ஜாக்கிரதை. கிடங்கு வாசலில் மண் குவளையில் ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போனேன். பழைய முகங்கள் இரண்டு இருந்தன. பாஸ் இருபது நிமிடத்தில் கிடைத்தது.

நாற்பது குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், என் கை மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் டேப். எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கரில் அவள் கையெழுத்து. மளிகை லிஸ்ட் எழுதுகிற அதே கையெழுத்து. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கூலிக்காரர் "ஷொருன் தாதா" என்று நகரச் சொல்லித்தான் நகர்ந்தேன்.

குளிர்வண்டி 9.40-க்குக் கிளம்பியது. டிரைவர் இஸ்மாயில் பாய், கிடர்பூர்க்காரர், பேச்சு ஹிந்தியில். முன் சீட்டில் அவர் பக்கத்தில் நான். நூறு மீட்டர் போவதற்குள் பாஸ்கூல் பாலம் தூக்கிவிட்டார்கள். ஆற்றில் கடல்நீர் ஏறினால்தான் கப்பல் உள்ளே வரும், கப்பல் வந்தால் பாலம் எழுந்து நிற்கும், நாம் கீழே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். இந்த வழியாகப் போகிறவர்கள் அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

"பின்னாடி என்ன சாமான், சாப்? இறாலா?"

"சேறு."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இந்த ஊர் முழுக்கச் சேறுதான். அதுக்கு ஏசி போட்டுக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"இது கடலுக்கு அடியில மூணு கிலோமீட்டர் ஆழத்துல எடுத்தது."

"அங்கேயும் சேறுதானா!" என்றார். அவர் ஏமாற்றம் நியாயமாகவே பட்டது.

டாஷ்போர்டில் ஒரு பழைய நாளிதழ் கிடந்தது. கல்யாணமான புதிதில் கோமதி எனக்குக் காட்டியதை அவருக்குக் காட்டினேன். தாளைக் கீழிருந்து மேலாகப் பாதி வரை நேராகக் கிழிக்க வேண்டும். அங்கே வலது பக்கம் நாலு விரல் தள்ளி ஒரு படி மாதிரிக் கிழித்து, மறுபடி மேலே நேராகக் கிழித்துவிட வேண்டும். இப்போது இரண்டு துண்டு. இடது துண்டு நம் இந்தியா இருக்கிற பக்கம், வலது துண்டு மலேயா, சுமத்ரா பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முட்டிக்கொள்வதில்லை, நேராக விலகுவதுமில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிராக நகர்கின்றன. இடதை மேலே தள்ளி வலதைக் கீழே இழுத்தால் நேர்க்கோடான இடமெல்லாம் உரசிக்கொண்டே போகும். ஆனால் அந்தப் படி இருக்கிற இடத்தில் ஒரு சதுர ஓட்டை திறக்கும்.

"அந்த ஓட்டைதான் அந்தமான் கடல்" என்றேன்.

சுமத்ராவில் நிலத்தின் மேலே ஓடுகிற பிளவு கடலுக்குள் இறங்குகிறது. அந்தமானுக்குக் கிழக்கே கடலடியில் படிப்படியாக விலகி, பர்மாவில் மறுபடி கரையேறி, சகாய்ங் ஊர் வழியாக வடக்கே போகிறது. விலகிய இடங்களில் தரை இழுபட்டு மெலிந்து உள்வாங்கி, பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறது. பிளவு திடீரென்று நகரும்போது நிலநடுக்கம் வரும். அப்போது பக்கத்துச் சரிவுகளிலிருந்து மணலும் சேறும் கலங்கிப் பள்ளத்தில் விழும். கனமான மணல் முதலில் படியும், மெல்லிய சேறு மெதுவாக அதன் மேல் படியும். ஒரு பெரிய குலுக்கலுக்கு ஒரு அடுக்கு. குழாயை இறக்கி உருவினால் பல ஆயிரம் வருடத்துக் குலுக்கல்கள் வரிசையாக வரும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எது மேல், எது கீழ் என்பது மாறிப்போனால் எல்லாம் போச்சு.

இஸ்மாயில் பாய் இரண்டு துண்டையும் வாங்கி, தானே ஒரு முறை தள்ளிப் பார்த்தார். "பள்ளம் விழுந்தா மண்ணு வந்து ரொப்பிடும். அவ்வளவுதானே? சால்ட் லேக்கே அப்படி ரொப்புன ஊர்தான். எங்கப்பா சொல்லுவார், அங்கே முழங்கால் தண்ணில மீன் பிடிச்சாங்கன்னு." ஹூக்ளியிலிருந்து மண்ணை அள்ளிக் கொட்டித்தான் அந்த உப்பு ஏரியைத் தூர்த்து ஊராக்கினார்கள். கோமதி இருந்திருந்தால் இவரை அன்றைக்கே வேலைக்கு எடுத்திருப்பாள்.

பாலம் இறங்க இருபத்தைந்து நிமிடம். ஹேஸ்டிங்ஸ், ரேஸ் கோர்ஸ், பார்க் சர்க்கஸ். மேம்பாலத்தில் சரக்கு வண்டியை விடமாட்டார்கள் என்று கீழ்வழியாகவே ஊர்ந்தோம். பைபாஸில் சிங்ரிகாட்டா சிக்னலில் மட்டும் பதினெட்டு நிமிடம். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் குழாய்கள் தடதடவென்று உருண்டன. "மெதுவா, பாய்" என்று நான் சொல்லிக்கொண்டே வந்ததில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "முட்டை ஏத்திட்டுப் போனாக்கூட இவ்வளவு பேச மாட்டாங்க, சாப்" என்றார். ஐந்தாம் செக்டர் சேர்ந்தபோது மணி 11.35. பதினெட்டு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நடந்து போகிறவன் இன்னும் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்திருப்பான்.

ஆய்வகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐடி அலுவலகங்களுக்கு நடுவே பாசி படிந்த ஒரு பழைய கட்டடம். வாசலில் அனிர்பன் நின்றான், கூடவே செல்வராஜ். நாகர்கோவில்காரர், டெக்னீஷியன், கோமதியோடு ஆறு பயணம் போனவர். கடைசிப் பயணத்திலும் இருந்தவர். என் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

வேலை முறை இதுதான். ஐந்து மீட்டர் குழாயைக் கப்பல் தளத்திலேயே மீட்டர் மீட்டராக அறுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மேல் நுனியில் நீல மூடி, கீழ் நுனியில் சிவப்பு மூடி, பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்பு, மூடியில் தேதி, நேரம். ஆய்வகத்தில் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியிலிருந்து மாதிரி எடுப்பார்கள். இன்னொரு பாதியை யாரும் தொடாமல் குளிரில் வைத்துவிடுவார்கள். மூடி போடுகிற வேலையைக் கோமதி யாரிடமும் கொடுக்கமாட்டாளாம். "மேடம் மூடுனா மறுபடி பாக்கவே வேண்டாம் சார்" என்றார் செல்வராஜ்.

முதல் துண்டு பிளந்தது. பச்சை கலந்த சாம்பல் நிறம், ஈரம், லேசான அழுகல் வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். அவள் கப்பலிலிருந்து வந்து இறங்கும்போது பையில், தலைமுடியில், புடவையில் எல்லாம் அந்த வாடைதான் இருக்கும். நான் மூக்கைச் சுளிப்பேன். அன்றைக்கு மேஜை மேல் குனிந்து நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டேன்.

இரண்டாவது, மூன்றாவது துண்டுகளையும் பிளந்து வரிசையாக வைத்தார்கள். அனிர்பன் அடுக்குகளைச் சுட்டிக்காட்டி உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தான். நான்காவது துண்டை வைத்ததும் பேச்சு நின்றது. லென்ஸை எடுத்தான். ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தான். மணல் மேலே இருந்தது, மெல்லிய சேறு கீழே. எல்லா அடுக்கிலும் அப்படியே. மூன்றாம் துண்டின் அடிப்பக்கமும் நான்காம் துண்டின் தலைப்பக்கமும் ஒட்டவேயில்லை. செல்வராஜை ஒரு பார்வை பார்த்தான். இருவருமாக நான்காம் துண்டைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். சாம்பல் கோடு ஒன்று மூன்றாம் துண்டிலிருந்து நேராக நாலாம் துண்டுக்கு இறங்கியது.

"மூடி மாறியிருக்கு" என்றான் அனிர்பன். "தி மாத்திப் போட்டிருக்காங்க."

"இருக்காது" என்றேன். அதட்டலாகவே வந்துவிட்டது. "வழியில உருண்டதுல ஏதாவது ஆயிருக்கும்."

"உருண்டா மூடி மாறாது, ஜாமாய்பாபு. அம்புக்குறியும் தப்பாத்தான் இருக்கு. அவங்க கையெழுத்துதான்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். அந்தப் பயணம் முடிந்து எட்டு மாதத்தில்தான் கட்டி இருப்பது தெரிந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகிற அளவுக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டதா? ஒவ்வொரு வாரமும் அவளோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாமலா போனது? எட்டு மாதம் முன்னால் டாக்டரிடம் போயிருந்தால்? அதையெல்லாம் வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அனிர்பன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இங்கே வந்தே இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

செல்வராஜ் மட்டும் கழற்றிப் போட்ட மூடிகளைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "சார், நாலாவது துண்டு மூடில உள்ள இந்தத் தேதி என்ன கிழமைன்னு உங்க போன்ல பாருங்க."

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை.

"மணி ரெண்டு இருபத்தெட்டுன்னு எழுதியிருக்காங்க. ஞாயித்துக்கெழம ரெண்டரைக்கு மேடத்துக்கு என்ன சார்?"

கப்பலில் அப்போது வீட்டுக்குப் பேச ஒரே ஒரு சாட்டிலைட் போன். ஆளுக்கு வாரத்தில் பத்து நிமிடம். கோமதியின் முறை ஞாயிறு மதியம் இரண்டரை. நான் பெஹாலாவில் சாப்பிடாமல் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

"இப்போ ஞாபகம் வருது சார்" என்றார் செல்வராஜ். "குழா மேல வரும்போதே நேரமாயிட்டு. வழக்கமா ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு மேல எதையும் தொட மாட்டாவ. அன்னைக்கு வேற வழியில்ல. ரெண்டரைக்குப் போய் நிக்கலேன்னா அடுத்த ஆளு எடுத்துருவான், பொறவு அடுத்த வாரந்தான். மூணு துண்டு மூடிட்டாவ. நாலாவத மடமடன்னு மூடி என் கையில குடுத்துட்டு, 'அஞ்சாவத அப்படியே புடிச்சிக்கிடுங்க, வந்து மூடுதேன்'னுட்டு ஏணில ஓடுனாவ. கையுறையக்கூடக் கழட்டல. பத்து நிமிசம் நான் குழாயக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னேன் சார், வெயில்ல."

ஐந்தாவது துண்டின் மூடியை எடுத்துக் காட்டினார். நேரம் 2.43. அதைப் பிளந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மணல் கீழே, சேறு மேலே.

நான் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. அனிர்பன் தண்ணீர் கொண்டுவந்தான்.

பிறகு ரெஜிஸ்டரை எடுத்தார்கள். இந்த வேலையில் தப்பை அழிக்கக்கூடாதாம். பழையதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அனிர்பன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினான். "காரணம்னு என்ன போடறது, ஜாமாய்பாபு? இது அரசாங்க ரெஜிஸ்டர்."

"உள்ளதைப் போடுப்பா."

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான். 'வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டிய அவசரம்.' செல்வராஜ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்புகிற வழி சுலபம். ஐந்தாம் செக்டரிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ, இருபது ரூபாய். அங்கிருந்து பெஹாலாவுக்கு பஸ், பதினைந்து ரூபாய். சாயங்காலம் ஆறுக்கு முன்னால் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். இப்படி ஒரு ஆய்வகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். குளிர் அறைக்கு ஸ்வெட்டர் கட்டாயம், அக்டோபராக இருந்தாலும். இதற்காக அந்தமான் வரை கப்பலேற வேண்டியதில்லை. ஒரு பழைய நாளிதழை வீட்டிலேயே நான் சொன்ன மாதிரி கிழித்துத் தள்ளிப் பாருங்கள், பாதி பாடம் முடிந்தது. மூடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று அனிர்பன் கேட்டான். எங்கள் வீட்டு ஈரத்தில் எதுவும் உருப்படாது, அங்கேயே குளிரில் இருக்கட்டும் என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்ன பேசினோம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எல்லா ஞாயிறும் ஒரே பேச்சுதான். கேஸ் சிலிண்டர் வந்ததா, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா, ஏங்க குரல் ஒரு மாதிரி இருக்கு, சளி பிடிச்சிருக்கா. நான் பாதி நேரம் முறைப்பாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். அதைக் கேட்கத்தான் சேற்றுக் கையுறையோடு ஏணியேறி ஓடியிருக்கிறாள். இருபத்தேழு வருடச் சண்டையில் நான் தோற்றுவிட்டேன் கோமதி. அதை உன்னிடம் நேரில் சொல்லி, நீ சிரிப்பதைப் பார்க்க வேண்டும்.